மத்திகிரியில் மூன்றாவது டெஸ்ட்

ஓசூரில் இறங்கி, டவுன் பஸ் பிடித்து, மகள் வாடகைக்கு இருக்கும் மத்திகிரி வீட்டுக்கு வந்து சேர்கிறேன். மூன்று வாரத்துக்கு முன் அவள் ஸ்கூட்டரை ஒரு வேன் இடித்துவிட்டது. காலில் மாவுக்கட்டு; இன்னும் மூன்று வாரம் இருக்க வேண்டும். அந்த ஃபோன் வந்த நாளிலிருந்து, ஹாரன் சத்தம் கேட்டாலே அவளுக்கு ஃபோன் போட்டுவிடுகிறேன்.

வீட்டுக்கார ரத்னம்மாவின் கூடத்தில் டிவியில் கன்னட வர்ணனையோடு கிரிக்கெட் டெஸ்ட் ஓடுகிறது. மகள் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள்.

"சீரீஸ் முடியற வரைக்கும் எந்திரிக்க மாட்டேன்னு சொல்லியிருக்கா சார்," என்கிறார் ரத்னம்மா. "இல்லேன்னா கட்டோடயே கம்பெனி பஸ் ஏறியிருப்பா."

"மொத்தம் எத்தனை மேட்ச்?"

"அஞ்சு."

மூன்று போதும், ஐந்து என்பது வெறும் இழுவை என்று இருபது வருடமாக வாதாடியவன் நான். இன்று ஐந்துதான் சரியான அளவு என்று படுகிறது.

"ரெண்டு ஜெயிச்சாச்சுப்பா," என்கிறாள் மகள். "இதையும் ஜெயிச்சா சீரீஸ் நம்மளுது. அப்புறம் உக்காந்து பாக்க என்ன இருக்கு? திங்கக்கிழமை ஷிஃப்ட்டுக்குப் போயிருவேன்."

எதிரணிக்காரன் ஒரு பவுண்டரி அடிக்கிறான். என்னையறியாமல் கை தட்டிவிடுகிறேன்.

ரத்னம்மா திரும்பிப் பார்க்கிறார். "என்ன சார், நீங்க அந்தக் கட்சியா?"

"இந்த ஒரு மேட்ச்சுக்கு மட்டும்மா."