திருப்பி வைத்த தொட்டி

வேலை கிடைத்து ஜெர்மனிக்குக் கிளம்பியபோது, தான் வளர்த்த அரேகா பாம் செடியை என் மகள் எங்கள் கே.கே. நகர் வீட்டு ஹாலில் விட்டுச் சென்றாள். ஞாயிறுதோறும் வீடியோ காலில் முதலில் அதைத்தான் காட்டச் சொல்வாள். பிறகுதான் என் முகம்.

எங்கள் குடியிருப்பில் உப்புத் தண்ணீர். குடிப்பதற்கு ஆர்.ஓ. மெஷின் வைத்திருக்கிறோம். அது வெளியேற்றும் தண்ணீரை வீணாக்க மனம் வராமல், வாளியில் பிடித்துச் செடிக்கு ஊற்றிவந்தேன். சில மாதங்களில் ஓலை நுனிகள் கருகின. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றினேன். மகள் அழைக்கும் முன், பச்சையான பக்கம் தெரியும்படி தொட்டியைத் திருப்பி வைப்பேன்.

ஊருக்குள்ளேயே, ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஸ்ரீரங்கத்திலிருந்து வந்த என் அக்கா, மண்மேல் வெள்ளையாகப் படிந்திருந்ததைச் சுரண்டிப் பார்த்தாள்.

"உப்பையெல்லாம் பிரிச்சு இந்தத் தண்ணியிலதான்டி மெஷின் வெளிய தள்ளுது. அதையே ஊத்துறியே" என்றாள்.

அந்த ஞாயிறு, கருகிய பக்கத்தை மகளிடம் காட்டினேன்.

"நீ திருப்பி வைக்கிறது தெரியும்மா" என்றாள். "நீயும் அப்படித்தான். எப்பக் கேட்டாலும் நல்லா இருக்கேன்னுதான் சொல்ற."

இப்போது மழைநீரும், அக்கா வீட்டிலிருந்து கேனில் கொண்டுவரும் காவிரித் தண்ணீரும்தான் செடிக்கு. ஒரு குருத்து விட்டிருக்கிறது. தொட்டியைத் திருப்புவதில்லை. இத்தனை நாள் கேட்காமல் விழுங்கிய "எப்ப வருவே?" என்பதையும் கேட்டுவிடுகிறேன்.