திரைக்கு வெளியே ஒரு முக்காலி

புதுப்பட்டினம் டீக்கடையில், மூன்று சுறாக்களை நான் ஒற்றைக் கையால் பிடித்த வீர வரலாற்றை அரங்கேற்றிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. "அண்ணாத்த, டெய்லர் தனம் பூட்டாங்க. நெஞ்சு வலியாம்." சுறாக்கள் மூன்றும் கடலுக்குத் திரும்பின.

தனத்திடம் துணி தைத்த உங்களுக்கெல்லாம் என்னையும் தெரியும். கடை வாசல் முக்காலியில் உட்கார்ந்தபடியே வங்காள விரிகுடாவை நீந்திக் கடந்த மகாவீரன். வெட்டிப் பேச்சு என்று நினைத்திருப்பீர்கள். அது உத்தியோகம் ஐயா! சம்பளம், ஒரு டீ.

அளவெடுக்கும் மூலையைத் தனம் பூப்போட்ட திரையால் மறைத்திருந்தாள். மனைவியைக் கோயிலுக்குக்கூடத் தனியே விடாத மகாராஜாக்களும் அந்தத் திரைக்கு வெளியே நின்றுதான் ஆக வேண்டும். உள்ளே அவள் மெதுவாகக் கேட்பாள்: "வூட்டுக்குப் போக பயமா இருக்குதாம்மா?" மகாராஜாவுக்குப் பொறுமை போகாதிருக்க, வெளியே என் திமிங்கலம் துள்ளும். "டீ ஆறுது அண்ணாத்த!" என்று குரல் வந்தால் உள்ளே பேச்சு முடிந்தது என்று பொருள். திமிங்கலத்தைக் கரை ஒதுக்குவேன்.

என் தங்கை மகள் செல்வியைக் கூடுவாஞ்சேரியிலிருந்து அவள் கணவனே அழைத்து வந்தான். கத்திரி வெயிலில் ஜாக்கெட்டுக்கு முழங்கை வரை கை வைக்கச் சொன்னாள். அவளைக் கேட்டதற்கெல்லாம் அவனே பதில் சொன்னான். அன்று என் டீ ஆறவே இல்லை.

செல்வி சம்மதித்த பிறகே, அவன் அடிப்பதைத் தனம் என்னிடம் சொன்னாள். எங்கள் பெரியவர்கள் கூடி, எரியும் கற்பூரத்தில் அவனைக் கையடித்துச் சத்தியம் செய்யவைத்து, செல்வியைக் கூடவே அனுப்பத் தயாரானார்கள். தனம் நடுவில் வந்து நின்றாள். "அவன் சொல்றதையே கேட்டுகினு கீறீங்களே, அவளை ஒருத்தராவது கேட்டீங்களா? கற்பூரம் எவ்ளோ நேரம் எரியும்?"

"நான் போகல மாமா" என்றாள் செல்வி. போகவில்லை. இன்று பொத்தேரியில் வேலை, சின்னதாக ஒரு வாடகை வீடு.

தனத்துக்குப் பிள்ளைகள் இல்லை. காரியம் முடிந்து கடையைக் காலி செய்யச் செல்விதான் வந்தாள். வாசலில் ஒரு பைக் நின்றது. பின்னால் இருந்த பெண் முந்தானையால் கழுத்தை இழுத்து மூடியிருந்தாள்.

"இவளுக்கு ரெண்டு ஜாக்கெட்டு. சீக்கிரம் ஆவட்டும்" என்றான் அவன்.

செல்வி டேப்பை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். "அளவு எடுக்கணும். உள்ள வாங்கக்கா." திரை விழுந்தது.

தனம் எனக்கு விட்டுப்போன சொத்து அந்த முக்காலி. இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "தம்பி, ஒரு தடவை கல்பாக்கம் கடல்ல இன்னா ஆச்சு தெரியுமா?" திமிங்கலம் மாமல்லபுரத்துக் கோயிலை முதுகில் சுமந்து இலங்கைக்குப் புறப்பட்டது.

வெளியே வந்த பெண், செல்வியின் போன் நம்பரை மனப்பாடம் செய்பவள்போல் உதடசைத்தபடி பைக்கில் ஏறினாள். பைக் போய்விட்டது. நான் காலித் தெருவிடம் பேசிக்கொண்டே இருந்தேன். டீ ஆறுகிறது என்று யாரும் சொல்லவில்லை.