அலமாரிக்குப் பின்னால் இருந்த சுவர்

போன வாரம் வக்கீல் இறந்துபோனாள். "அம்மா படிக்கிற காலத்துல எப்படி இருந்தாங்க ஆன்ட்டி?" என்று அவள் மகள் கேட்டபோது எனக்குப் பேச வரவில்லை. எழுத வருகிறது.

வக்கீல் என்பது நாங்கள் வைத்த பெயர். அவள் படித்தது தாவரவியல். கடைக்காரரோ நூலகரோ, யாராக இருந்தாலும் ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்காமல் அவளால் நகர முடியாது.

பல்கலைக்கழக விடுதியில் இடம் கிடைக்காத நாங்கள் நாலு பேர், பின்வாசல் தெருவில் ஒரு மாடி அறையில் இருந்தோம். ஒரு ஜன்னல் திறக்காது, இன்னொன்று மூடாது. அதையெல்லாம் பொறுத்துக்கொண்டோம். குளியலறையை ஒட்டிய சுவரைத்தான் பொறுக்க முடியவில்லை. உள்ளே எங்கோ குழாய் கசிந்து, தரையிலிருந்து மார்பளவுக்குக் கறுப்பாகப் பூஞ்சணம் ஏறியிருந்தது. கட்டிலை எங்கே மாற்றிப் போட்டாலும் அதே காற்றுதான். எங்களைவிட ஒரு வருஷம் பின்னால், வக்கீலின் துறையிலேயே படித்த 'சின்னது' இருமி இருமி விலாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இப்படியே போனால் பரீட்சை எழுத முடியாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

"நீதான் செடி கொடி படிக்கிறவளாச்சே, இதுக்கு ஏதாவது பண்ணேன்" என்றேன்.

"இது செடி இல்லடி. செடியா இருந்தா இந்நேரம் பூத்திருக்கும். வீட்டுக்காரர் பூவுக்கும் வாடகை கேட்டிருப்பார்."

வீட்டுக்காரரிடம் போய்ச் சொன்னால், "ஈரத் துணிய உள்ள காயப்போட்டா சுவரு என்னம்மா பண்ணும்?" என்பார். வக்கீல் பல்கலைக்கழகத்தில் புகார் கொடுத்தாள். மாணவர்கள் தங்கும் வெளி வீடுகளைப் பார்வையிடும் அதிகாரி வந்தார். அங்கேதான் கோட்டை விட்டோம். யாருடைய அப்பா அம்மா வந்தாலும் கறையை மறைத்து அலமாரியை நகர்த்தி, புது விரிப்பு போட்டுப் பழகிய கை. ஆள் வருகிறார் என்றதும் அதையே செய்துவிட்டோம். வக்கீல் வகுப்பிலிருந்து ஓடி வருவதற்குள், "எங்க வீட்டைவிட நல்லா இருக்கேம்மா" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

"புகார் குடுத்துட்டு அலங்காரமும் பண்ணி வச்ச ஆளுங்க நாமதான்டி!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

மறுபடி நடையாய் நடந்து, ஒரு சனிக்கிழமை இன்னொரு முறை வருவதற்கு அவரைச் சம்மதிக்க வைத்தாள். அதே சனிக்கிழமை அவள் அப்பாவும் வருவதாகச் சொன்னார். தங்கும் இடம் சரியில்லை என்று தெரிந்தால் அன்றைக்கே படிப்புக்கு முழுக்கு, அண்ணன் கடையில் உட்கார வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் அவர் அவளை அனுப்பியிருந்தார்.

"அப்பாவ வேற நாள் வரச் சொல்லேன்."

"வராதீங்கன்னு சொன்னா முதல் வண்டியிலயே வந்துடுவார். சாயங்காலம்தானே வரார், அதுக்குள்ள மூடிடலாம்."

அவர் காலையிலேயே வந்துவிட்டார். படியில் குரல் கேட்டதும் நாங்கள் அலமாரியைத் தள்ளினோம். டீயைக் குடித்துக்கொண்டே, "வசதியாத்தான் இருக்கு" என்று அவர் திருப்திப்பட்ட வேளையில் அதிகாரி உள்ளே வந்தார். பின்னாலேயே வீட்டுக்காரர், சிரித்த முகமாக.

"போன தடவை பார்த்ததுதானே? குறை ஒண்ணும் இல்லையே?" அதிகாரி பேனாவைத் திறந்தார்.

சின்னது வக்கீலுக்காக வாயைப் பொத்தி இருமலை அடக்கினாள். வக்கீல் ஒருமுறை அப்பாவைப் பார்த்தாள். பிறகு எழுந்துபோய் அலமாரியில் தோளைக் கொடுத்தாள்.

"தனியா எதுக்கும்மா தள்ளற? நகந்துக்கோ" என்று அப்பாவும் வந்து கைகொடுத்தார்.

அலமாரி நகர்ந்தது. அதன் முதுகுப்பலகை ஊறி, உரிந்து தொங்கியது. "ஈரத் துணிய..." என்று தொடங்கிய வீட்டுக்காரரை அதிகாரி கையைக் காட்டி நிறுத்தினார்.

"எத்தனை நாளா இது?" என்றார் அப்பா.

"நான் வந்ததிலேருந்துப்பா."

"போன்ல கேக்கும்போதெல்லாம் நல்லாருக்கேன்னியே?"

"நான் நல்லாத்தான்பா இருக்கேன். சுவருதான் நல்லால்ல."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. "மூட்டையக் கட்டு."

"கட்டறேன்பா. இவர் எழுதி முடிக்கட்டும்."

ஆள் அசையவில்லை. ஜன்னல், குழாய், கசிவு என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டி எழுதவைத்தாள். அதன் பிறகுதான் துணிகளை மடித்தாள். அன்று சாயங்காலமே அப்பாவோடு போய்விட்டாள்.

பழுது பார்க்கும்வரை அந்த வீட்டில் மாணவர்கள் தங்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. சுவரை உடைத்துக் குழாயை மாற்றினார்கள். அதுவரை விடுதியில் இடம் கொடுத்தார்கள். சின்னது இருமல் அடங்கிப் பரீட்சை எழுதினாள்.

அண்ணன் கடையில் வக்கீல் சும்மா இருப்பாளா? கூரை ஒழுகுகிறது, வேலை செய்பவர்கள் உட்கார ஒரு ஸ்டூல்கூட இல்லை, பின்கதவு திறக்கவில்லை, தீப்பிடித்தால் எப்படி ஓடுவது என்று தினமும் ஒரு வழக்கு. ஒரு வருஷத்தில் அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்: "இவளத் திரும்ப அனுப்புங்கப்பா. இல்லன்னா கடைய இவகிட்ட குடுத்துட்டு நான் படிக்கப் போறேன்."

வந்தாள். ஒரு வருஷம் பிந்தி, சின்னதுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து படித்தாள்.

"திரும்பக் கூட்டிட்டு வர்ற வழியில அப்பா என்ன சொன்னார்?" என்று கேட்டேன்.

"அங்க போயாவது வாய மூடிட்டு இருன்னார்."

"நீ என்ன சொன்ன?"

"மூடற மாதிரி இடமாப் பார்த்துக் குடுங்கன்னேன். பஸ்ல எல்லாரும் சிரிச்சிட்டாங்க. அவரும்தான்."