கேட்பதற்கு முன்பே நடந்த அடக்கம்

"ஜனவரி 14, ஞாயிறு. செய்தி இல்லை. இன்றைக்கும் அவர் அந்தப் பெயரைச் சொல்லவில்லை."

1996ஆம் ஆண்டு எங்கள் சமையலறைச் சுவரில் தொங்கிய கலண்டரில், அந்தத் திகதிக்குரிய சின்னக் கட்டத்துக்குள் நான் பென்சிலால் எழுதிய வரி இது. ஊரில் சரித்திரம் படிப்பித்தவள் நான். எதையும் திகதியோடு எழுதி வைக்காவிட்டால் அது நடந்ததாகவே எனக்குத் தோன்றாது. அந்தப் பழக்கம் இந்தச் சாட்சிக்கு உதவப்போகிறது என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. அன்றைக்குத் தெரிந்தது ஒன்றுதான். என் மூத்த மகள் உயிரோடு இருக்கிறாளா என்று எனக்குத் தெரியாது.

என் கணவர் அப்போது கனடாவின் ஸ்காபரோவில் ஒரு தமிழ்ச் சபையின் குருவானவர். மில்லிக்கன் பக்கம் ஒரு சிறிய வாடகை வீடுதான் எங்கள் குருமனை. 1992இல் அவரும் நானும் இளைய மகளும் இங்கே வந்தோம். மூத்தவள் சுகந்தி திருமணமாகி யாழ்ப்பாணத்திலேயே இருந்துவிட்டாள். அவளுடைய கணவர் ஜீவன் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர். அவர்களுக்கு இரண்டு வயதில் ஒரு மகன். என் மாமி, அதாவது என் கணவரின் தாயார், பிளேனில் ஏறமாட்டேன் என்று ஒரே பிடியாக நின்று சுகந்தியோடு தங்கிவிட்டார்.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி போர் நெருங்கியதால் யாழ்ப்பாணம் முழுவதும் ஒரே இரவில் இடம்பெயர்ந்தது. இதை வாசிக்கும் உங்களில் பலருக்கு அந்தத் திகதியை நான் விளக்கத் தேவையில்லை. சுகந்தியின் கடைசிக் கடிதம் அதற்கு முன்பு வந்தது. பிறகு ஒன்றுமே இல்லை. மழைக்குள் சனம் நடந்தது என்று வானொலியில் கேட்டோம். வயதானவர்கள் வழியில் விழுந்தார்கள் என்றும் கேட்டோம். அதற்குமேல் கேட்க முடியாமல் நான் வானொலியை நிறுத்துவேன். ஐந்து நிமிடத்தில் திரும்பவும் போடுவேன்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் இருந்தது. ஊரில் யாராவது இறந்தால், கொழும்பிலிருந்து அந்தக் குடும்பத்துக்கு நேரே தொலைபேசி எடுக்கமாட்டார்கள். குருமனைக்குத்தான் எடுப்பார்கள். என் கணவர் கோட் போட்டுக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போவார். வாசலில் சொல்லமாட்டார். "சும்மா இந்தப் பக்கம் வந்தனாங்கள், பாத்திட்டுப் போவம் எண்டு" என்பார். அவர்கள் தேநீர் தருவார்கள். குடித்து முடித்த பிறகுதான் அவர்களைப் பக்கத்தில் இருத்திச் செய்தியைச் சொல்வார். திடீரென்று சொன்னால் நெஞ்சு தாங்காது என்பது அவருடைய எண்ணம். நல்ல எண்ணம்தான். ஆனால் எங்கள் காரைக் கண்டாலே சனம் பயப்படத் தொடங்கியது. ஒஷாவாவில் ஒரு வீட்டுக்கு உண்மையாகவே சும்மா போனபோது, அந்த வீட்டு அன்ரி கதவைத் திறக்காமல் உள்ளே நின்று அழுதார். சபைச் செயலாளர் செல்வராசா அண்ணை ஒருநாள் பகிடியாகச் சொன்னார்: "ஐயா, இனி வாறதெண்டால் முதல்ல ஒருக்கால் போன் பண்ணி, ஒருத்தரும் சாகேல்லை எண்டு சொல்லிப்போட்டு வாங்கோ."

அந்த நவம்பரிலும் டிசம்பரிலும் எங்கள் வீடு நிரம்பியே இருந்தது. எல்லோருக்கும் ஊரில் யாரோ ஒருவர் காணாமல் இருந்தார். வேலை முடிந்து வருவார்கள். அழுவார்கள். என் கணவர் அவர்களுடைய கையைப் பிடித்து ஜெபிப்பார். நான் சோறு போடுவேன். எங்கள் பிள்ளையைப் பற்றி யாரும் அதிகம் கேட்கவில்லை. அது கல்நெஞ்சு அல்ல. ஐயாவுக்கு விசுவாசம் இருக்கிறது, அவர் தாங்குவார் என்று அவர்கள் நம்பினார்கள்.

ஞாயிறு ஆராதனையில் மன்றாட்டு நேரம் அவர் ஊரிலுள்ளவர்களுடைய பெயர்களைச் சொல்லி ஜெபிப்பார். சபையில் யார் எந்தப் பெயரைக் கொடுத்தாலும் விடமாட்டார். சுகந்தியின் பெயரை மட்டும் அவர் சொல்லவே இல்லை. தன் அம்மாவின் பெயரையும் சொல்லவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் நான் கண்ணை மூடிக்கொண்டு காத்திருப்பேன். ஆமென் வந்துவிடும்.

ஜனவரி 14ஆம் திகதி வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே நான் கேட்டுவிட்டேன். "எல்லாற்ற பிள்ளையளுக்கும் ஜெபிச்சியள். எங்கட பிள்ளைக்கு ஆர் ஜெபிக்கிறது?"

அவர் சப்பாத்துக் கயிற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அந்தப் பேரைச் சொன்னால் என்ர குரல் உடைஞ்சிடும். பிறகு மிச்சப் பேரை ஆர் வாசிக்கிறது?"

நான் சமையலறைக்குப் போனேன். கலண்டரில் அந்த வரியை எழுதினேன். அந்தக் கிழமை முழுவதும் எனக்கு ஜெபிக்கவே வரவில்லை என்பதையும் இங்கே சொல்லவேண்டும். முழங்காலில் நிற்பேன். வாய் திறக்காது. பிரசங்கிகளின் சரித்திரமும் மிஷனரிகளின் சரித்திரமும் அலமாரி நிறைய வாசித்தவள் நான். அவற்றில் ஒன்றும் அந்த நேரம் உதவவில்லை.

பதினேழாம் திகதி புதன்கிழமை பின்னேரம், உடுப்புக் கூடையோடு கீழ்நிலவறைக்கு இறங்கினேன். வோஷிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் என் கணவர் நின்றார். மெஷினின் மூடியில் இரண்டு கைகளையும் ஊன்றியிருந்தார். சத்தத்தில் தன் குரல் மேலே கேட்காது என்று அவர் நினைத்திருக்க வேண்டும். நான் படியிலேயே நின்றுவிட்டேன்.

"பிள்ளையைத் தாரும் ஆண்டவரே. சுகந்தியைத் தாரும். அம்மாவை எடுத்திருந்தால், சும்மா மண்ணுக்குள்ள விடாதையும். ஆராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கவேணும். நான் எத்தினை பேரை அடக்கம்பண்ணியிருக்கிறன். என்ர அம்மாவுக்கு ஒரு ஆளைத் தாரும்."

குரல் உடைந்துதான் போனது. மெஷின் தண்ணீரை வெளியேற்றி நிற்கும்வரை அவர் இதையே திரும்பத் திரும்பச் சொன்னார். நான் கூடையோடு படியில் உட்கார்ந்து, வாய்க்குள் ஆமென் என்றேன். அந்தக் கிழமை நான் செய்த ஒரே ஜெபம் அதுதான். நான் கேட்டதை அவருக்குச் சொல்லவில்லை.

இருபதாம் திகதி சனிக்கிழமை பனி கொட்டியது. பின்னேரம் நாலு மணியளவில் எங்கள் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. ஜன்னலால் பார்த்தேன். செல்வராசா அண்ணை இறங்கினார். அவருடைய மனைவி ரஞ்சி இறங்கினார். பின் இருக்கையிலிருந்து சபைக்குழுவினர் இருவர் இறங்கினார்கள். ஆண்கள் மூவரும் கோட்டுப் போட்டு ரை கட்டியிருந்தார்கள்.

என் கணவர் கதவைத் திறந்தார். செல்வராசா அண்ணை சப்பாத்திலிருந்த பனியை நெடுநேரம் தட்டினார். பிறகு சொன்னார்: "சும்மா இந்தப் பக்கம் வந்தனாங்கள் ஐயா. பாத்திட்டுப் போவம் எண்டு."

அவர் இருப்பது மார்க்கம் நகரில். அந்தப் பனியில் மார்க்கத்திலிருந்து யாரும் சும்மா வரமாட்டார்கள்.

நான் சமையலறைக்குப் போய்த் தண்ணீர் கொதிக்கவைத்தேன். தேநீர்த் தட்டைக் கொண்டுவந்து வைத்தேன். நால்வரும் எடுத்துக் குடித்தார்கள். ஒருவரும் மற்றவரைப் பார்க்கவில்லை. ரஞ்சி மட்டும் கணவரின் முழங்கையை ஒருமுறை இடித்தார்.

என் கணவர் தேநீரைத் தொடவில்லை. "அண்ணை," என்றார். "இதை உங்களுக்குப் பழக்கினது நான். எத்தினை வீட்டில உங்கட இடத்தில நான் இருந்திருக்கிறன். இந்தக் கோப்பை முடியுமட்டும் இருக்க என்னால ஏலாது. சொல்லுங்கோ. பிள்ளையோ?"

செல்வராசா அண்ணை வாயைத் திறந்தார். ரஞ்சி முந்திக்கொண்டார். "நான் காரிலயே சொன்னனான், நல்லதை முதல்ல சொல்லுங்கோ எண்டு. உவர் கேக்கேல்லை. பிள்ளை இருக்கிறாள் ஐயா. மூண்டு பேரும் இருக்கினம். கிளிநொச்சியில இருக்கினம்."

நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். என் கணவர் அசையவில்லை. அவர் செல்வராசா அண்ணையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நால்வரில் அந்த மூன்று பேருக்குள் வராதவர் யார் என்று அவருக்கு விளங்கிவிட்டது.

"அம்மா?"

"அம்மா போயிட்டா ஐயா. கார்த்திகை மாதம். காய்ச்சலாம்."

"ஆராவது ஜெபம் பண்ணினவையோ?"

செல்வராசா அண்ணைக்கு அந்தக் கேள்வி ஏன் என்று விளங்கவில்லை. ஆனால் மறுமொழி அவரிடம் இருந்தது. "ஓம் ஐயா. தெரியாத ஒருத்தர் வந்து அடக்க ஜெபம் முழுதும் சொன்னவராம். அப்பாவுக்கு அதைக் கட்டாயம் சொல்லவேணும் எண்டு பிள்ளை எழுதியிருக்கிறாளாம்."

அப்போதுதான் என் கணவர் அழுதார். சபையார் முன்னால் அவர் அழுததை நான் பார்த்தது அதுதான் முதல்முறை. ஏன் அழுகிறார் என்பது அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். வந்தவர்கள் தாய்க்காக என்று நினைத்தார்கள். தாய்க்காகவும்தான். ஆனால் அதைவிடப் பெரியது ஒன்று அவருக்கு அந்த நிமிடம் கிடைத்திருந்தது.

செய்தி வந்த வழியைப் பிறகு கேட்டு எழுதிக்கொண்டேன். சுகந்தி கொடுத்த துண்டுக் கடிதத்தை ஒருவர் வவுனியாவுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து கொழும்பில் என் கணவரின் நண்பரான ஒரு குருவானவருக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டியிருக்கிறார். அதில் ஒரு மரணம் இருந்ததால் அந்த நண்பர் எங்களுக்கு நேரே எடுக்காமல் செயலாளருக்கு எடுத்திருக்கிறார். எதை முதலில் சொல்வது என்று மார்க்கத்திலிருந்து வரும் வழி முழுவதும் காருக்குள் சண்டையாம். புறப்படும்போது ரஞ்சி என்னைக் கட்டிப்பிடித்துக் காதுக்குள் சொன்னார்: "அக்கா, கோவிக்காதேங்கோ. உங்கட தேத்தண்ணியில தேயிலை இல்லை." போய்ப் பார்த்தேன். வெறும் சுடுதண்ணீரில் பாலும் சீனியும் கலந்து கொடுத்திருக்கிறேன். நால்வரும் ஒரு சொட்டு விடாமல் குடித்திருந்தார்கள். ஒக்டோபருக்குப் பிறகு எங்கள் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது அன்றைக்குத்தான்.

அடுத்தநாள் ஞாயிறு. மன்றாட்டில் என் கணவர் சுகந்தியின் பெயரைச் சொன்னார். ஜீவனுடைய பெயரையும் பிள்ளையுடைய பெயரையும் சொன்னார். தாயாருடைய பெயரை இறந்தவர்களோடு சேர்த்துச் சொன்னார். குரல் உடைந்தது. செல்வராசா அண்ணை எழுந்துபோய்ப் பக்கத்தில் நின்று மிச்சப் பெயர்களை வாசித்து முடித்தார். அதன் பிறகு எங்கள் சபையில் மன்றாட்டுப் பெயர்களைக் குருவானவர் தனியே வாசிப்பதில்லை. மரணச் செய்தி கொண்டுபோகும்போது என் கணவர் தேநீருக்குக் காத்திருப்பதும் இல்லை. கதவு திறந்ததும் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டு, பிறகு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்கார்ந்திருப்பார்.

சுகந்தி குடும்பத்தோடு 1998 ஒக்டோபரில் ரொறன்ரோ வந்து சேர்ந்தாள். வந்த கிழமையே நான் அவளிடம் திகதிகளைக் கேட்டேன். "அம்மா, நான் இன்னும் பெட்டி திறக்கேல்லை" என்று சிரித்தாள். ஆனால் சொன்னாள். மாமி இறந்தது 1995 நவம்பர் 21, செவ்வாய்க்கிழமை, கொடிகாமத்துக்குக் கிட்ட ஒரு பள்ளிக்கூடத்தில். அடக்கம் அடுத்தநாள் காலையில். அந்தத் திகதியை எழுதிவிட்டு நான் பேனையைக் கீழே வைத்தேன். என் கணவர் வோஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் நின்று, அம்மாவுக்கு ஒரு ஆளைத் தாரும் என்று கேட்டது ஜனவரி 17. அவர் கேட்டபோது அந்த ஆள் வந்துபோய் வாரக்கணக்காகிவிட்டது. நாங்கள் மறுமொழிக்காகக் காத்திருந்தோம் என்று நினைத்தோம். உண்மையில் மறுமொழிதான் எங்களுக்காகக் காத்திருந்தது.

அன்பானவர்களே, உங்களில் சிலர் இன்னும் செய்தி வராமல் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். எங்களுக்குக் கிடைத்தது உங்களுக்கும் இதேமாதிரிக் கிடைக்கும் என்று நான் எழுதினால் அது பொய்யாகிவிடும். எங்களுக்கே, கேட்ட இருவரில் ஒருவரைத்தான் ஆண்டவர் திரும்பத் தந்தார். ஆனால் கேளுங்கள். வாய் திறக்காவிட்டால் இன்னொருவருடைய ஜெபத்துக்கு ஆமென் சொல்லுங்கள். காலம் கடந்துவிட்டது என்று நினைத்து ஒரு ஜெபத்தையும் விட்டுவிடாதீர்கள். அவருக்கு நம்முடைய கலண்டர் இல்லை.

ஒன்று மிச்சம் இருக்கிறது. அடக்க ஜெபம் சொன்னவர் யார்? சுகந்தி சொல்வது இவ்வளவுதான். ஜீவனும் வேறு இருவரும் பள்ளிக்கூட வளவின் மூலையில் குழி வெட்டிக்கொண்டிருந்தபோது, வயதான ஒருவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். இறந்தது யார் என்று கேட்டார். வேதக்காரரா என்று கேட்டார். சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு, மழைக்குள் தொப்பியைக் கழற்றி, அடக்க ஆராதனையின் முழு ஒழுங்கையும் மனதிலிருந்து சொன்னார். பிறகு பளைப் பக்கம் போனார். பெயர் கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. சபையில் சிலர் தேவதூதன் என்கிறார்கள். சுகந்தி ஒத்துக்கொள்ளமாட்டாள். "தேவதூதனுக்குச் சைக்கிள் செயின் கழருமோ அம்மா? கழண்டபடியால்தானே உருட்டிக்கொண்டு வந்தவர்."

நான் அந்தப் பக்கத்துக் குருவானவர்கள் இருவருக்கு எழுதிக் கேட்டேன். பளையில் இருந்த ஓய்வுபெற்ற உபதேசியார் ஒருவராக இருக்கலாம் என்று ஒருவர் எழுதினார். அந்த உபதேசியார் 1994இலேயே இறந்துவிட்டார் என்று மற்றவர் எழுதினார். இருவரில் யார் சொல்வது சரி என்று எனக்குத் தெரியவில்லை. 1999 மே மாதம் இதை எழுதும்வரை, அந்த மனிதருடைய பெயர் உறுதிசெய்யப்படவில்லை.