நெய் கேட்ட யூசுப் அங்கிள்

சென்ற சனிக்கிழமை ரொறன்ரோ மண்டபம் ஒன்றில், துருக்கிக் கலைஞர் வாசிக்கப்போகும் நாணற்குழலின் பெயர் 'நெய்' என்று அறிவித்தார்கள். சபையில் நான் மட்டும் சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

எனக்கு ஒன்பது வயதில் நாங்கள் இதே நகரின் மல்வேர்ன் பகுதியில் ஓர் அடுக்குமாடியில் இருந்தோம். பக்கத்து வீட்டுக்குப் புதிதாக வந்த யூசுப் அங்கிள் சூஃபி இசையில் பெரிய வித்துவான் என்பது எங்களுக்குத் தெரியாது. காலையில் சுவர் வழியாக நீண்ட மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும்.

"பாவம், அந்த மனுசனுக்கு இழுப்பு" என்பார் அம்மா.

ஒருநாள் அந்தச் சத்தம் பாதியில் நின்றது. அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு ஓடிப்போய்க் கதவைத் தட்டினார். குழலும் கையுமாக வந்த அங்கிளுக்கு அம்மாவின் பதற்றம் விளங்கவில்லை. குழலைத் தூக்கிக் காட்டி, "நெய், நெய்" என்றார்.

"நெய்யோ? பொறுங்கோ, கொண்டு வாறன்!"

அம்மா நெய்ப் போத்தலோடு திரும்பி வந்ததும், தமிழில் நெய் என்றால் இதுதான் என்று நான் ஆங்கிலத்தில் விளக்கினேன். அங்கிள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு எங்களை உட்காரவைத்து வாசித்தார். கண்ணை மூடிக் கேட்ட அம்மா, சின்ன வயதில் மன்னார்த் தேவாலயத்தில் பாடிய பாட்டொன்றை மெல்ல முணுமுணுத்தார். அங்கிள் அதையே பிடித்து வாசிக்க, அம்மா குரலெடுத்துப் பாடத் தொடங்கினார்.

வேலைக்குப் புறப்பட்ட அப்பா அங்கிள் வீட்டு வாசலிலேயே நின்றுவிட்டார்.

"கொம்மாவோ பாடுறா?"

"ஓம், அப்பா."

"இவ்வளவு நாளும் எனக்குத் தெரியாதே!"

பையை இறக்கி வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து அமர்ந்தார்.

"அடுத்த பஸ்ஸில போறன்" என்றார்.