ஒரே ஒரு வாக்கு விழுந்த சாவடி

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. அப்பா பிறந்த ஊர் இப்போது இல்லை. கிழக்கே நிலக்கரிச் சுரங்கத்துக்காக எடுக்கப்பட்ட ஊர்களில் அதுவும் ஒன்று.
2. தாத்தா குடும்பத்தோடு கல்வராயன் மலையடிவாரத்துக்கு, நம் ஊருக்கு வந்து, குத்தகை நிலத்தில் கரும்பு வைத்தார்.
3. அப்பா முதல்முறை வாக்களிக்கப் போனபோது, இவர் இந்த ஊர்க்காரர் இல்லை என்று ஒருவர் தடுத்தார்.
4. தடுத்தவரின் தங்கையை அப்பா மணந்தார்.
5. பிறகு வந்த தேர்தல்களில் அந்த இருவரும் எதிரெதிர்க் கட்சிகளின் முகவர்களாக, நம் ஊர்ச் சாவடியில், ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.
6. கடந்த நாடாளுமன்றத் தேர்தலை நம் ஊர் புறக்கணித்தது. அப்பா மட்டும் வாக்களித்தார்.
7. அந்த வாக்கு யாருக்கு என்பது வாக்கு எண்ணும் நாளில் வெளியே தெரிந்துபோனது.
8. சென்ற ஆண்டு மழைக்காலத்தில் அப்பா காலமானார்.

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்கள் பலருக்கு ஆறாவது நன்றாகத் தெரியும். ஏழாவது அவ்வளவாகத் தெரியாது. வெளியூர் உறவினர்களுக்கு இரண்டுமே அரைகுறையாகத்தான் வந்து சேர்ந்திருக்கின்றன. அப்பாவின் வாழ்க்கையை எழுதச் சொல்லி அம்மா கேட்டபோது, இவற்றை முழுதாகச் சொல்லிவிடுவது நல்லது என்று தோன்றியது.

பிறந்த ஊரைப் பற்றி அப்பாவுக்கு அதிகம் சொல்லத் தெரியாது. சிறு வயதிலேயே வந்துவிட்டார். ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வார். ஊர் காலியாகிக்கொண்டிருந்த நாள்களில் ஒரு நாடாளுமன்றத் தேர்தல் வந்ததாம். பள்ளிக்கூடத்தை அதற்குள் இடித்துவிட்டதால் பக்கத்து ஊரில் சாவடி போட்டார்கள். தாத்தா அப்பாவைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டு போய் வாக்களித்துவிட்டு வந்தார். அடுத்த தேர்தலில் அந்த ஊர்ப் பெயரில் சாவடியே இல்லை. அங்கே இருந்தவர்கள் ஆளுக்கொரு சாவடியாக, ஆளுக்கொரு தொகுதியாகச் சிதறிப்போயிருந்தார்கள்.

“வூடு போச்சி, நெலம் போச்சி, அப்பல்லாம் எங்கப்பா அழுவல. வோட்டுச் சாவடில நம்ம ஊரு பேரே இல்லன்னு சொன்னாங்க பாரு, அப்பதான் ரோட்லயே உக்காந்து அழுதாரு” என்பார் அப்பா.

ஒவ்வொரு தேர்தல் முடிவு வந்ததும் அந்தச் சுரங்கப் பகுதியின் முடிவைத்தான் செய்தித்தாளில் முதலில் தேடுவார். அங்கே அவருக்குத் தெரிந்தவர் யாரும் கிடையாது. தொகுதிகளைத் திருத்தி அமைத்து, நம் பகுதிக்குக் கள்ளக்குறிச்சி என்ற பெயரிலேயே நாடாளுமன்றத் தொகுதி வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

மூன்றாவதில் சொன்ன தடுத்தவர், என் மாமா. அம்மாவின் அண்ணன். அப்போது இளைஞர். அவருடைய கட்சிக்கு முகவராக முதல்முறை சாவடியில் உட்கார்ந்திருந்தார். அப்பா உள்ளே வந்ததும் எழுந்து நின்று, “சார், இவரு நம்ம ஊரு ஆளு இல்ல. சொரங்கத்தாரு” என்று ஆட்சேபம் சொன்னார். தாத்தா வந்த நாளிலிருந்து நம் குடும்பத்துக்கு ஊரில் அதுதான் பெயர். அப்பா கோபப்படவில்லை.

“அந்த ஊரு இப்ப இல்ல. இதுவும் என் ஊரு இல்லன்னா நான் எங்க சார் போயி போடறது?” என்று அதிகாரியைக் கேட்டாராம். அதிகாரி விசாரித்துவிட்டு அனுமதித்தார். அன்று மாலை மாமா வந்து மன்னிப்புக் கேட்டார் என்று அம்மா சொல்வார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, டீ வாங்கிக் கொடுத்தேன், அவ்வளவுதான் என்று மாமா சொல்வார். அந்த டீயில் தொடங்கிய பழக்கம்தான் கல்யாணத்தில் வந்து நின்றது.

அடுத்த தேர்தலில் அப்பாவும் முகவராகிவிட்டார், மாமாவுக்கு எதிர்க்கட்சியில். வாக்குச் சீட்டில் முத்திரை குத்திய காலம் போய் இயந்திரம் வந்தது. பெட்டியை மாட்டுவண்டியில் ஏற்றி ஓடையைக் கடந்த காலம் போய் டிராக்டர் வந்தது. பெஞ்சில் இருந்த இருவரும் மாறவில்லை. மதியம் கட்சிகளிலிருந்து வரும் சோற்றுப் பொட்டலத்தை இருவருமே தொட மாட்டார்கள். அம்மா அனுப்பும் ஒரே கேரியரில் சாப்பிடுவார்கள். ஒரு முறை அப்பாவின் கட்சி ஜெயித்தது, ஒரு முறை மாமாவின் கட்சி ஜெயித்தது. கூட்டணி மாறி இரண்டு கட்சிகளும் ஒரே பக்கம் நின்ற தேர்தலும் உண்டு. இருவரும் சண்டை போட்டுக்கொண்டது அந்தத் தேர்தலில் மட்டும்தான். கூட்டணி என்றால் யார் கதவோரம் உட்காருவது என்பதில் பிரச்சினை.

ஜெயித்தவர்களும் தோற்றவர்களும் சொன்ன ஒன்று, ஓடைக்குப் பாலம். மலையில் மழை பெய்தால் ஓடையில் தண்ணீர் வரும். அதன்பின் நம் ஊரிலிருந்து மேல்நிலைப் பள்ளிக்கோ ஆஸ்பத்திரிக்கோ வடக்கனந்தல் சந்தைக்கோ போக வழியில்லை. சுடுகாடும் ஓடைக்கு அந்தப் பக்கம்தான்.

மாமாவின் மனைவி, என் அத்தை, ஒரு மழைக்காலத்தில்தான் இறந்தார். தண்ணீர் வடியும் என்று காத்திருந்தும் வடியவில்லை. கழுத்தளவு தண்ணீரில் பாடையைத் தலைக்கு மேல் தூக்கிப்பிடித்துக்கொண்டு கொண்டுபோனார்கள். ஒரு பக்கம் மாமா, ஒரு பக்கம் அப்பா. நடுவில் கால் வழுக்கிப் பாடை ஒரு முறை சரிந்தது. அத்தையின் புடவை நனைந்துவிட்டது. மாமா அதைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை. கடந்த நாடாளுமன்றத் தேர்தல் அறிவிப்பு வந்ததும் ஊர்க்கூட்டத்தைக் கூட்டினார். இந்த முறை ஒருவரும் வாக்களிக்கக் கூடாது, பாலம் வந்தால்தான் ஓட்டு என்றார். சொந்தக் கட்சியின் முகவர் வேலையையும் விட்டுவிட்டதாக அங்கேயே அறிவித்தார். கூட்டத்தில் எல்லோரும் கை தூக்கினார்கள். அப்பாவும் தூக்கினார்.

வாக்குப்பதிவு நாளில் நான் ஊரில் இருந்தேன். வீட்டுக்கு வீடு கறுப்புக்கொடி. முகவர் பெஞ்சில் அப்பாவும் போய் உட்காரவில்லை. பள்ளிக்கூடத்தில் அதிகாரிகள் இயந்திரத்தோடு காத்திருந்தார்கள். தாலுகா ஆபீசிலிருந்து வந்தவர்கள் பேசிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். நானும் வாக்களிக்கவில்லை. மாமா பக்கம் நியாயம் இருப்பதாக நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

பிற்பகலில், பேச்சுவார்த்தைக்கு வந்த ஜீப்பின் பக்கத்தில் நின்றிருந்த யாரோ ஒருவர் போகிற போக்கில் ஒன்று சொன்னார்: “ஒரு வோட்டும் விழலன்னா அடுத்த வாட்டி இந்த பூத்த அந்தாண்ட ஊரோட சேத்துடுவாங்க.” அப்படி ஒரு விதி கிடையாது என்று பிறகு விசாரித்தபோது தெரிந்தது. அன்று அது யாருக்கும் தெரியாது. மற்றவர்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அப்பா வீட்டுக்கு வந்தார். பிறகு குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, வாக்காளர் அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். சாவடி மூட இன்னும் சற்று நேரமே இருந்தது.

பள்ளிக்கூட வாசலில் ஊரே நின்றிருந்தது. மாமா குறுக்கே வந்தார்.

“மாப்ள, எங்க போய்க்கினு இருக்க?”

“பூத்துக்கு.”

“நீயும்தான கைய தூக்குன?”

“தூக்குனேன், மச்சான். ஊரு பேருக்கு நேரா சைபர்னு எழுத வுடக்கூடாது. அப்புறம் ஊரே இல்லன்னுடுவாங்க.”

“உங்க கட்சிக்காரன் சொல்லி அனுப்புனானா? எம் பொண்டாட்டிய தண்ணில தூக்கிக்கினு போனப்ப நீயும்தான ஒரு பக்கம் புடிச்ச? மறந்துட்டியா?”

“மறக்கல.”

“அன்னிக்கே சொன்னேன், நீ இந்த ஊரு ஆளு இல்லன்னு. சொரங்கத்தான் சொரங்கத்தான்தான்!”

அப்பா மாமாவைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார். இயந்திரத்தின் ‘பீப்’ ஓசை வாசல்வரை கேட்டது. விரலில் மையோடு வெளியே வந்தபோது கூட்டம் விலகி வழிவிட்டது. 

தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு முதல் கட்டத்திலேயே முடிந்துவிட்டதால், எண்ணிக்கைக்குப் பல வாரங்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த வாரங்களில் நம் வீட்டு வாசலை யாரும் மிதிக்கவில்லை. கரும்பு வெட்ட ஆள் வரவில்லை. இரண்டு கல்யாணங்களுக்கு அழைப்பு வரவில்லை. அம்மாதான் நடுவில் மாட்டிக்கொண்டார்.

“இன்னாங்க, உங்க ஒரு வோட்டால எங்கண்ணன் மூஞ்ச திருப்பிக்கினு போவுது. யாருக்கு போட்டீங்கன்னாவது சொல்லுங்களேன்” என்று கேட்டார்.

“அத சொல்லக்கூடாது” என்றார் அப்பா. இத்தனை தேர்தல்களிலும் அம்மாவிடம்கூட அவர் சொன்னதில்லை. சொல்லவேண்டிய தேவையும் இருந்ததில்லை. அவருடைய கட்சிக்குத்தான் போட்டிருப்பார் என்று ஊருக்கே தெரியும். மாமாவின் கோபத்தில் பாதி அதனால்தான்.

வாக்குப்பதிவு நாளில் முகவராக இல்லாவிட்டாலும், வாக்கு எண்ணும் நாளில் மாமாவைக் கட்சியில் கெஞ்சிக் கூட்டிப்போனார்கள். கள்ளக்குறிச்சி மையத்தில் கம்பி வலைக்குப் பின்னால் நின்று மேசையைப் பார்த்துக் குறித்துக்கொள்ளும் வேலை. அன்று மாலை, அத்தனை வாரங்களுக்குப் பிறகு, மாமா நம் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினார். அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டுத்தான் பேச ஆரம்பித்தார்.

“நம்ம ஊரு மெஷின எடுத்தாங்க. மொத்தம் ஒண்ணுன்னு காட்டுச்சி. மேசையில இருந்த ஆபீசரம்மா, மெஷின் ரிப்பேரான்னு கேக்குது. நான், இல்ல மேடம், ஒரே ஒரு ஆளு போட்டாருன்னேன். எல்லாம் சிரிக்கறாங்க. அப்புறம் ஒவ்வொரு பேரா காட்டிக்கினே வராங்க. உங்க கட்சி வந்துச்சி மாப்ள. சைபர். எனக்கு ஒண்ணும் புரியல. எங்க கட்சி. சைபர். சரி, எவனாவது சுயேச்சையான்னு பாத்தா, எல்லாம் சைபர். கட்டகடைசில நோட்டா. அங்க நிக்குது ஒண்ணு.”

நின்றவர்களில் யாருக்கும் வாக்கில்லை என்பதற்கான பொத்தான் அது. அம்மா அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

“வோட்டு ரகசியம், மச்சான். அத இப்பிடி வூட்ல வந்து ஒடைக்கற?”

“ஒரே ஆளு போட்டா அதுல இன்னாய்யா ரகசியம்?” என்றார் மாமா. பிறகு குரல் இறங்கிவிட்டது. “வாசல்ல கேட்டேனே, அப்பவே சொல்லியிருக்கலாமில்ல?”

“வோட்டு போடறதுக்கு முன்னாலயே எப்பிடி சொல்றது? பாலம் கட்டாதவங்களுக்கு நானும் போட மாட்டேன். ஆனா ஊரு இருக்குன்னு யாராவது ஒரு ஆளு போயி சொல்லணுமில்ல?”

மாமா அன்று நம் வீட்டில் சாப்பிட்டார். ஊருக்கு விஷயம் தெரிய ஒரு நாளும் ஆகவில்லை. அப்பாவின் கட்சிக்கும் தெரிந்துவிட்டது. ஒன்றியப் பொறுப்பாளர் ஒருவர் வந்து, இத்தனை வருஷம் கட்சி சோத்தைத் தின்றுவிட்டு இப்படிச் செய்யலாமா என்று வாசலில் நின்று கத்தினார். உள்ளேயிருந்து மாமாவின் குரல்தான் பதில் சொன்னது: “யோவ், அது கட்சி சோறு இல்ல. எந்தங்கச்சி சோறு. நானே சாட்சி.”

முகவர் பொறுப்பிலிருந்து அப்பாவை எடுத்துவிட்டார்கள். அதைப் பற்றி அவர் குறை சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் கட்சிக் கூட்டங்களுக்கென்று எடுத்துவைத்திருந்த கரைவேட்டியை அம்மா வெளுத்துக் காயப்போட்ட அன்று, அதை அவரே மடித்துப் பெட்டியின் அடியில் வைத்தார். கையெழுத்துப் போடுவதற்கு முன் எதையும் இருமுறை படிப்பவர். கடன் வாங்க அஞ்சியவர். யாருடைய வரப்பிலும் ஒரு மண்வெட்டி மண் எடுக்காதவர். எனக்குத் தெரிந்து அவர் ஊர்ப் பேச்சை மீறியது அந்த ஒரு மாலையில்தான்.

சிறுநீரகக் கோளாறு ஓராண்டாகவே இருந்தது. சென்ற மழைக்காலத்தில் உடல்நிலை மோசமானபோது ஓடையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கரும்பு டிராக்டரில் கட்டில் போட்டு, அக்கரையில் நின்ற ஆம்புலன்ஸுக்குக் கொண்டுசேர்த்தோம். சிகிச்சை முடிந்து திரும்பி வந்து, வீட்டில், அம்மாவின் கையைப் பிடித்தபடி அடங்கினார்.

பாடையை மறுபடியும் ஓடை வழியாகத்தான் கொண்டுபோக வேண்டியிருந்தது. அன்று வாசலில் வழிவிட்டு ஒதுங்கி நின்றவர்கள்தான் தோள் கொடுத்தார்கள். முன் பக்கம் மாமா. பாடை ஒரு முறைகூடச் சரியவில்லை. அக்கரையில் சுடுகாட்டுப் பதிவு நோட்டோடு நின்ற வெட்டியான், “ஆளு எந்த ஊரு? சொரங்கத்தாரா?” என்று கேட்டார். மாமா நின்றார். மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்: “எங்க ஊரு ஆளு. எழுதிக்க.”

டிராக்டர் கொடுத்த பக்கத்து வயல்காரர், தண்ணீரில் இறங்கித் தூக்கிய ஊர்ப் பெரியோர்கள், இளைஞர்கள், ஆஸ்பத்திரியில் உடனிருந்து பார்த்துக்கொண்ட செவிலியர்கள், மூங்கில்துறைப்பட்டிலிருந்தும் கருணாபுரத்திலிருந்தும் மழையில் வந்து சேர்ந்த உறவினர்கள், காரியம் முடியும்வரை அம்மாவைத் தனியே விடாத அக்கம்பக்கத்துப் பெண்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மாமாவுக்கு நன்றி சொன்னால் திட்டுவார். ஆகவே சொல்லவில்லை.

இன்றைய நிலை இது. பாலத்துக்கு இரண்டு தூண்கள் எழுந்திருக்கின்றன. மேல்தளம் இன்னும் போடவில்லை. வாக்காளர் பட்டியலிலிருந்து அப்பாவின் பெயர் நீக்கப்பட்டுவிட்டது. சாவடி நம் ஊர்ப் பெயரில், நம் ஊர்ப் பள்ளியிலேயே இருக்கிறது.