தலைகீழ் டோக்கன்

பல் கிளினிக்கில் அந்த அம்மாளுக்குப் பெயர் டோக்கன் அக்கா. அவரைவிடப் பத்து வயது மூத்தவர்களும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கூப்பிடாமல் உள்ளே போய்விட முடியாது. கதவோரம் மேசை, அதன் மேல் ஆணி அடித்த பலகை, ஆணிகளில் ஒன்று முதல் நாற்பது வரை பிளாஸ்டிக் வில்லைகள். பதினெட்டு வருஷமாக அந்த வில்லைகள்தான் சட்டம். ஒருமுறை டாக்டரின் சொந்த மாமனாரே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார். "உங்களுக்கு இருபத்தேழு. உட்காருங்க" என்றார் அக்கா. மாமனார் மூன்று மணி நேரம் உட்கார்ந்தார். மறுநாள் டாக்டர் அக்காவுக்குப் புது நாற்காலி வாங்கிப் போட்டார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

ஆலயத்திலும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை மணி அடிப்பவர் வருவதற்கு முன்பே அக்கா வந்து, முன்வரிசையில் முதல் இடத்தில் உட்கார்ந்துவிடுவார். கணவர் பஸ் டிரைவர். முதல் டிரிப்பை முடித்துவிட்டு, பிரசங்கம் பாதியில் இருக்கும்போது வந்து கடைசி பெஞ்சில் சாய்வார். பக்கத்து இடத்தில் குடையை வைப்பார். மழையோ வெயிலோ, குடை உண்டு. "காலை நீட்டித் தூங்க இடம் பிடிக்கிறாரு" என்று அக்கா தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லித் தலையில் அடித்துக்கொள்வார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் தேவனுடைய ராஜ்யத்தைப் பற்றிப் பேசினார்.

"அங்க வரிசை நம்ம வரிசை மாதிரி இல்ல. கடைசியில நிக்கிறவங்கதான் முன்னால வருவாங்க. முன்னால இடம் பிடிச்சவங்க கடைசிக்குப் போவாங்க" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் டம்ளரை எடுக்கக் குனிந்தார். பார்வை நேராக அக்கா மேல் விழுந்தது போல இருந்தது. அவர் பார்த்தது டம்ளரைத்தான். ஆனால் அக்கா அதைத் தனக்கே சொன்னதாக எடுத்துக்கொண்டார். இத்தனை வருஷம் அடித்துப் பிடித்து முதலில் வந்தது கடைசிக்குத் தள்ளப்படத்தானா? தனக்கு உள்ளே இடம் கிடைக்குமா, கிடைக்காதா? மனுஷி சாப்பிடக்கூட இல்லை.

திங்கட்கிழமை காலை ஒரு முடிவோடு வந்தார். பரலோகத்தில் போய்த் திணறுவதைவிட இங்கேயே பழகிக்கொள்வது நல்லது.

"இன்னிக்குக் கடைசி டோக்கன்தான் முதல்ல" என்று அறிவித்தார்.

பதினோரு பேர் பேந்தப் பேந்த விழித்தார்கள். பதினோராம் நம்பர் ஒரு கல்லூரி மாணவி. பல் சுத்தம் செய்ய வந்தவள், சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். அவள் வெளியே வருவதற்குள் புதிதாக மூன்று பேர் வந்ததால் அடுத்தது பதினான்கு. ஒன்றாம் நம்பர் ஒரு தச்சர். விடிந்ததும் விடியாததுமாக வந்தவர், ஒரு கன்னம் இரண்டு கன்னமாக வீங்கியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கோங்க என்று அவரிடம் சொல்லவும் முடியாது. கடிக்க முடியாமல்தானே வந்திருக்கிறார்.

முதலில் விஷயம் புரிந்தது தையல்காரருக்கு. கையிலிருந்த மூன்றாம் நம்பரை மேசையில் வைத்தார், வெளியே போனார், உடனே திரும்பி வந்தார்.

"வணக்கம் அக்கா. இப்பத்தான் வர்றேன்."

அக்கா பதினைந்தைக் கொடுத்தார். சட்டம் சட்டம்தானே. அவ்வளவுதான், மொத்தக் கூட்டமும் வில்லைகளைக் கொட்டிவிட்டு வெளியே பாய்ந்தது. பாய்ந்தவர்கள் வாசலில் நின்று ஒருவரை ஒருவர் உபசரிக்க ஆரம்பித்தார்கள்.

"நீங்க முதல்ல போங்க."

"ஐயோ, பரவாயில்ல, நீங்க போங்க."

"பெரியவங்க நீங்க இருக்கும்போது நான் எப்படிங்க?"

அந்த வாசலில் அத்தனை பணிவை அதற்கு முன் யாரும் கண்டதில்லை. உள்ளே ஒரு ஈ காக்கை இல்லை, தச்சரைத் தவிர. டாக்டர் எட்டிப் பார்த்தார்.

"அக்கா, பேஷண்ட் எல்லாம் எங்க?"

"கடைசியா வர முந்திக்கிட்டு இருக்காங்க டாக்டர்."

தச்சர் கன்னத்தைத் தாங்கிக்கொண்டு மேசைக்கு வந்தார். அவரும் அதே ஆலயம்தான்.

"அக்கா, ராஜ்யம் வரும்போது வரட்டும். என் பல்லு இப்பவே போகணும்."

அக்காவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. பதினெட்டு வருஷத்தில் முதல்முறையாக நாற்காலியை விட்டு எழுந்து, தச்சரின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். பல் வெளியே வரும்வரை அந்தக் கையை விடவில்லை. தச்சரின் கை மரம் இழைத்த கை, அக்காவின் விரல்கள் நசுங்கியதுதான் மிச்சம்.

வெளியே வந்து வாசலைப் பார்த்தார்.

"எல்லாரும் உள்ள வாங்க. உங்கள்ல யாருக்கு ரொம்ப வலி?"

தையல்காரர் அசடு வழிந்தபடி பக்கத்திலிருந்த பெண்ணைக் காட்டினார். "இவங்க அழுதுட்டு இருக்காங்க அக்கா. இவங்க போகட்டும்." அதே உபசாரம்தான், ஆனால் இந்தமுறை நிஜமாகச் சொன்னார். அன்று மதியம்வரை யாரும் நம்பர் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு அக்கா வழக்கம்போல முன்வரிசையில் உட்கார்ந்தார். உட்கார்ந்தாரே தவிர இருப்புக் கொள்ளவில்லை. பிரசங்கத்தின் நடுவில் எழுந்து, எல்லாரும் பார்க்க, கடைசி பெஞ்சுவரை நடந்தார். கணவர் அப்போதுதான் வந்திருந்தார். அக்காவைப் பார்த்ததும் குடையை எடுத்துக் கீழே வைத்தார்.

"உட்காரு."

"நீங்க காலை நீட்டத்தானே இந்த இடம்?"

"எனக்கு உட்கார்ந்துட்டே தூக்கம் வரும். இது உன் இடம்."

"எப்பலேருந்து?"

"கல்யாணம் ஆனதுலேருந்து. நீதான் விறுவிறுன்னு முன்னால போயிட்ட. என்னைக்காவது வருவேன்னு பிடிச்சு வச்சேன்."

தான் ஊரெல்லாம் சொல்லிக் கேலி பேசிய குடையை அக்கா பார்த்தார். இத்தனை வருஷமும் ஒருவர் தனக்காக இடம் பிடித்து வைத்திருக்க, இடம் கிடைக்குமா என்று ஒரு வாரமாகத் தவித்துக் கிடந்திருக்கிறார்.

"என் டோக்கன் நம்பர் என்ன?" என்று கேட்டார், அழுகையும் சிரிப்புமாக.

"டோக்கன் எல்லாம் கிடையாது. உட்காரு."

அக்கா உட்கார்ந்தார். கண்ணைத் துடைத்துவிட்டு நன்றி சொல்லத் திரும்புவதற்குள் கணவர் தூங்கிவிட்டார்.